“எண்ணூறு ரூபாய்க்கு ரெடிமேட் அசைன்மென்ட்!” - தங்கையை நூலகத்துக்கு அழைத்துப்போன அனுபவம்

கல்லூரிகளைச் சுற்றியிருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் இந்த போர்டைப் பார்த்திருப்பீர்கள்: ‘அசைன்மென்ட், புராஜெக்ட் செய்து தரப்படும்.’ தலைப்பை மட்டும் சொன்னால் போதும். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் ஃபைலில் பெயரையும் பதிவு எண்ணையும் மாற்றி, கலர் அட்டை போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். இப்போது அந்தக் கடைகளுக்கும் போட்டி வந்துவிட்டது. செல்போனில் ஏஐ செயலியைத் திறந்து தலைப்பைத் தட்டினால், டீ ஆறுவதற்குள் இருபது பக்கம் தயார்.

வட மாவட்டம் ஒன்றில் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறாள் என் சித்தி மகள். ‘தமிழ்நாட்டின் சமூக நலத் திட்டங்கள்’ என்று தலைப்பு. 25 பக்கம். மூன்று வாரம் அவகாசம். எனக்கு போன் செய்தவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“அக்கா, ஒரு எண்ணூறு ரூபா ஜிபே பண்றியா? கடையில அசைன்மென்ட் வாங்கணும். அம்மாகிட்ட கேட்க ஒரு மாதிரியா இருக்கு.”

“நீயே எழுதேன்டி” என்றேன்.

“எனக்கெல்லாம் எழுத வராதுக்கா. நம்ம வீட்ல யாரு எழுதியிருக்காங்க?”

எண்ணூறு ரூபாய் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அந்தக் கடைசி வாக்கியம்தான் உறுத்தியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறை நாங்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கும் ‘கட்டுரை எப்படி எழுதுவது’ என்பதைச் சாப்பாட்டு மேசையிலேயே யாராவது சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். எங்களுக்கு அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தால், எனக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றும்: நூலகர்.

“பணம் அனுப்பல. சனிக்கிழமை மெட்ராஸ் வா. ரெண்டு நாள் என்கூட இரு” என்றேன்.

நூலகர் கேட்ட மூன்று கேள்விகள்

இதழியல் டிப்ளமோ படித்தபோது எங்கள் நூலகத்தில் ஒரு அக்கா இருந்தார். ‘இந்தத் தலைப்புல புக் வேணும்’ என்று போய் நின்றால் உடனே எழுந்து அலமாரிக்குப் போக மாட்டார். மூன்று கேள்விகள் கேட்பார். எப்போது கொடுக்க வேண்டும்? எத்தனை பக்கம்? இதைப் பற்றி ஏற்கெனவே உனக்கு என்ன தெரியும்?

முதலில் எரிச்சலாக இருக்கும். போகப்போகத்தான் புரிந்தது, புத்தகத்தைத் தேடுவதற்கு முன்பு நாள்களை எண்ண வேண்டும் என்று. தங்கை வந்த அன்று காலையில் நாங்கள் செய்ததும் அதைத்தான். காலண்டரை எடுத்துக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினோம். பிரின்ட், பைண்டிங், பிழை பார்க்க இரண்டு நாள். அதற்கு முன்பு ஒரு நாள் கட்டுரையைத் தொடவே கூடாது. ஊறப்போட்ட மாவு மாதிரி அது கிடக்கட்டும். அதற்கு முன்பு எழுத ஐந்து நாள். எந்தப் பகுதியில் என்ன வரும் என்று வரிசைப்படுத்த இரண்டு நாள். படிக்கவும் குறிப்பெடுக்கவும் எட்டு நாள். ஆக, தொடக்கத்தில் மிஞ்சியது மூன்று நாள். அந்த மூன்று நாளும் ஒரே ஒரு வேலைக்கு: தலைப்பைக் கேள்வியாக மாற்றுவது.

‘தமிழ்நாட்டின் சமூக நலத் திட்டங்கள்’ என்பது கடல். அதில் இறங்கினால் திட்டங்களின் பெயர்ப் பட்டியல்தான் எழுத முடியும். அந்தப் பட்டியல்தான் ஜெராக்ஸ் கடையிலும் கிடைக்கிறது.

“இதுல உனக்கு எந்தத் திட்டம் தெரியும்?”

“சத்துணவுதான். பன்னெண்டாவது வரைக்கும் ஸ்கூல்ல பார்த்தது... அப்புறம் அம்மா வேலையே அதானே.”

ஆம். சித்தி பதினான்கு வருடங்களாக ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் சத்துணவுச் சமையலர். விடிந்ததும் வீட்டு வேலை, அப்புறம் அந்தப் பெரிய அடுப்பு. தங்கை சாப்பிட்டு வளர்ந்த சோறும், அவளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற சம்பளமும் ஒரே சமையலறையிலிருந்து வந்தவை. ஆனால் தன் அசைன்மென்ட்டில் எழுதத் தகுந்த விஷயம் அது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டு மணி நேரம் பேசியபிறகு நோட்டில் ஒரு வரி எழுதினாள்: ‘பள்ளிக்கூடத்துச் சோற்றைச் சமைத்தவர்கள் யார்? அவர்கள் வேலை எப்படி மாறியது?’ இது கேள்வி. இதற்கு ரெடிமேட் பதில் எந்தக் கடையிலும் இல்லை.

ஒரே விஷயம், பல அலமாரிகள்

எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குள் நுழைந்ததும் அவள் குரல் தானாகவே இறங்கிவிட்டது. 1896-ல் திறக்கப்பட்ட நூலகம் அது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைச் சட்டப்படி பெற வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. “இதுக்குள்ள வர காலேஜ் லெட்டர் வேணுமாக்கா?” என்று கேட்டாள். பையைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு, பதிவேட்டில் பெயர் எழுதினால் போதும் என்றதும் நம்பவே இல்லை.

அடுத்த நாள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தது, ஒன்பது மாடி. அங்கே எழுத்தாளர் பெயரையோ நூலின் பெயரையோ தெரியாமல் பொருளை வைத்துத் தேடக் கற்றுக்கொடுத்தேன். கேட்டலாக் கம்ப்யூட்டரில் ‘சத்துணவு’ என்று மட்டும் போட்டால் கொஞ்சம்தான் வரும். ‘மதிய உணவு’ என்று போடு. ‘நூன் மீல்’, ‘மிட்டே மீல்’ என்று ஆங்கிலத்தில் போடு. ‘குழந்தை நலம்’, ‘ஊட்டச்சத்து’, ‘காமராஜர்’, ‘எம்.ஜி.ஆர்.’ என்று ஒவ்வொன்றாகப் போடு. ஒரே விஷயத்துக்கு ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு பெயர். அந்தப் பெயர்களின் பட்டியல்தான் தேடலின் சாவிக்கொத்து.

புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணையும் பார்க்கச் சொன்னேன். டூயி தசம முறையில் 362 சமூக நலம். 371 பள்ளி நிர்வாகம், அதன் உட்பிரிவில்தான் பள்ளி உணவும் வரும். அரசியல் தலைவர்களின் வாழ்க்கை வரலாறு வேறு இடத்தில். ஆக, சத்துணவு ஒரே அலமாரியில் உட்கார்ந்திருக்காது. ஒரு நூலைக் கண்டுபிடித்ததும் அதன் இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் நாலு புத்தகங்களைப் புரட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். தேட நினைக்காததும் கைக்கு வருவது அப்படித்தான்.

புரட்டுவது என்றால் முதல் பக்கத்திலிருந்து படிப்பது இல்லை. பொருளடக்கம், கடைசியில் சொல்லடைவு, துணைநூற்பட்டியல், இந்த மூன்றும் போதும். நமக்கு வேண்டியது இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு நல்ல நூலின் துணைநூற்பட்டியல் அடுத்த பத்து நூல்களுக்கு வழிகாட்டும்.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்திச் சொன்னவர் நம் ஊர்க்காரர். 1892-ல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். 1931-ல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, வாசகரின் நேரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது. நூலகம் போனால் நேரம் வீணாகும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றும்.

செயலி கொடுத்த பட்டியல்

தங்கை வரும்போதே ஏஐ செயலி கொடுத்த எட்டுப் புத்தகங்களின் பட்டியலை வைத்திருந்தாள். எழுத்தாளர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் பக்காவாக இருந்தன. நூலகத்தில் ஒவ்வொன்றாகத் தேடினோம். மூன்று கிடைத்தன. இரண்டின் எழுத்தாளர் பெயர் மாறியிருந்தது. மீதி மூன்றை நூலக கேட்டலாக்கிலும் இணையத்திலும் தேடி அலுத்துவிட்டோம். அப்படி ஒரு நூலே இருப்பதாகத் தெரியவில்லை. கேட்டதும் இருப்பது போலவே ஒரு பெயரைச் செய்துகொடுத்திருக்கிறது செயலி.

“இதை அப்படியே எழுதியிருந்தா?” என்று கேட்டாள். வைவாவில் ‘இந்தப் புத்தகத்தைக் காட்டு’ என்று யாராவது கேட்டால் என்ன ஆகும் என்று அவளே யோசித்துக்கொண்டாள்.

செயலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேடுவதற்கான சொற்களைக் கேட்கலாம், புரியாத ஆங்கிலப் பத்தியை விளக்கச் சொல்லலாம். ஆனால் அது காட்டும் நூலைக் கண்ணால் பார்க்காமல் துணைநூற்பட்டியலில் சேர்க்கக் கூடாது. டிஜிட்டல் டெஸ்க்கில் என் வேலையும் இதுதான். ஒரு தளத்தில் வந்த தகவலைப் பத்துத் தளங்கள் எடுத்துப் போட்டிருக்கும். பத்து இடத்தில் வந்துவிட்டதே என்று நம்பினால் தீர்ந்தது. அந்தப் பத்துக்கும் கிணறு ஒன்றுதான்.

எந்த ஆண்டு சரி?

இதற்கு நல்ல உதாரணம் அவள் தலைப்பிலேயே வந்தது. காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது எப்போது என்று இணையத்தில் தேடினால் 1955, 1956, 1957 என்று இடத்துக்கு ஓர் ஆண்டு வரும். தங்கை குழம்பிப்போனாள். “எதை எழுதறது? நிறைய பேர் போட்டிருக்கிறதையா?”

அப்போது கல்வித்துறை இயக்குநராக இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. ‘நினைவு அலைகள்’ என்ற பெயரில் தன்வரலாறு எழுதியிருக்கிறார். அதை எடுத்துக்கொடுத்தேன். மற்ற நூல்களோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தபோது அவளுக்கே முடிச்சு அவிழ்ந்தது. அந்தத் திட்டம் ஒரே நாளில் அரசாணையாகப் பிறந்தது இல்லை. முதலில் ஊர் மக்களின் நன்கொடையால் அங்கங்கே நடந்தது. பிறகுதான் அரசு நிதி கொடுத்துப் பொறுப்பெடுத்தது. 1960-களில் கேர் என்ற வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் உணவுப் பொருள் கொடுத்தது. மக்கள் தொடங்கியதைத் தொடக்கமாகக் கொள்பவர் ஓர் ஆண்டைச் சொல்கிறார், அரசு நிதியைத் தொடக்கமாகக் கொள்பவர் இன்னோர் ஆண்டைச் சொல்கிறார். எது சரி என்று கேட்பதைவிட, ‘எதனுடைய தொடக்கம்?’ என்று கேட்பதுதான் சரியான கேள்வி. அவள் கட்டுரையில் இதற்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கினாள்.

இன்னும் பின்னால் போனால் 1920. சென்னை மாநகராட்சியின் தலைவராக பிட்டி தியாகராயர் இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. முன்னால் வந்தால் 1982 ஜூலை 1, எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம். முதலில் கிராமப்புறத்துக் குழந்தைகளுக்கு, அதே ஆண்டு செப்டம்பரில் நகர்ப்புறத்துக்கும், 1984-ல் 15 வயது வரையிலான மாணவர்களுக்கும் என்று விரிந்தது. மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று பணியிடங்கள் வந்தன. அந்த வேலைகளில் கிராமத்துப் பெண்கள், குறிப்பாக கணவரை இழந்தவர்களும் ஆதரவற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் அடுப்பேற்றுகிறார்கள். அடுப்படியை மையமாக வைத்துப் பார்த்ததும் நூறு வருட வரலாறு வேறு மாதிரி தெரிந்தது.

புத்தகத்துக்கு வெளியே

நூலகம் என்றால் புத்தகம் மட்டும்தான் என்று அவள் நினைத்திருந்தாள். சமூக நலத்துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே இருக்கிறது, இணையத்தில் இலவசம். பல ஆண்டுகளின் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சமையலர் பற்றி என்ன வருகிறது, என்ன வரவில்லை என்று பென்சிலால் குறித்தாள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ தளத்தில் கிடைக்கின்றன. பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. பழைய பத்திரிகைகள் வேண்டுமென்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களில் வளர்ந்த இடம் அது.

குறிப்பெடுக்க ஒரே ஒரு விதிதான் சொன்னேன். எதையும் எழுதுவதற்கு முன்பு தாளின் தலையில் நூல், ஆசிரியர், பதிப்பு ஆண்டு, பக்க எண்ணை எழுது. அப்படியே எடுத்த வரி என்றால் மேற்கோள் குறி போடு. உன் சொல்லில் எழுதினால் ‘சொ’ என்று ஓரத்தில் குறி. மூன்று வாரம் கழித்து எது அவர்கள் வரி, எது உன் வரி என்று உனக்கே தெரியாமல் போகக் கூடாது. கருத்துத் திருட்டு என்று பெரிய பெயரில் சொல்கிறார்களே, அதன் பாதி வேர் இந்தக் குழப்பத்தில்தான் இருக்கிறது.

அன்று மாலை தங்கை கையில் கிடைத்தது ஓர் ஆங்கில நூல். பார்பரா ஹாரிஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் தமிழ்நாட்டின் சத்துணவு பற்றி எழுதி 1991-ல் வெளிவந்தது. அதன் தலைப்புப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வெளியே போய் அம்மாவுக்கு போன் போட்டாள்.

“அம்மா, இங்க உன் வேலையைப் பத்தி ஒரு புக் இருக்கு. வெள்ளைக்காரங்க எழுதியிருக்காங்க.”

ஸ்பீக்கரில் சித்தியின் குரல் கேட்டது: “எங்க சோத்தைப் பத்தியா? அதுல எழுத என்னடி இருக்கு?”

“அதைத்தாம்மா நான் எழுதப்போறேன்.”

ஊருக்குத் திரும்பியதும் அவள் முதலில் பேட்டி எடுத்தது சித்தியைத்தான். அதற்கும் நூலகம்தான் உதவியது. படித்துவிட்டுப் போனதால், ‘வேலை கஷ்டமா இருக்கா?’ என்று பொதுவாகக் கேட்காமல், விறகிலிருந்து கேஸுக்கு மாறியது எப்போது, காய்கறிக்குப் பணம் எப்படி வரும், சிறப்பு காலமுறை ஊதியம் என்றால் என்ன என்று கேட்க முடிந்தது. முதல் பத்து நிமிடம் வெட்கப்பட்ட சித்தி, அப்புறம் இரண்டு மணி நேரம் நிறுத்தவில்லையாம். உடன் வேலை பார்க்கும் உதவியாளர் அக்காவையும், பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற அமைப்பாளர் அம்மாவையும் சித்தியே போன் போட்டு ஏற்பாடு செய்துகொடுத்தார்.

24 பக்கம் வந்தது. ஒரு பக்கம் குறைகிறதே என்று பயந்தாள். எழுத்தைப் பெரிதாக்கி நிரப்ப வேண்டாம், அப்படியே கொடு என்றேன். வைவாவில் பேராசிரியர் மூன்று இடங்களில் ‘இது எங்கிருந்து எடுத்தது?’ என்று கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் நூலும் பக்கமும் சொல்லியிருக்கிறாள். திருப்பிக்கொடுத்த தாளில் கடைசியில் அவர் எழுதியிருந்தது ஒரே ஒரு குறை: ‘பேட்டிப் பகுதி இன்னும் நீளமாக இருந்திருக்கலாம்.’ எழுத வராது என்று சொன்ன பெண்ணிடம், இன்னும் எழுது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்!

வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால்...

சென்னைக்கு வர முடியாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பெரும்பாலான மாவட்டங்களில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. மதுரையில் 2023 முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. போவதற்கு முன்பு விடுமுறை நாளையும் நேரத்தையும் மட்டும் கேட்டுவையுங்கள்.

அசைன்மென்ட் தலைப்பு வந்த வாரமே பிள்ளையை அனுப்புங்கள், கடைசி வாரம் அல்ல. கையில் ஒரு நோட்டு, பேனா, தண்ணீர் பாட்டில் இருந்தால் போதும். அங்கே கவுன்ட்டரில் இருக்கும் நூலகரிடம், ‘இந்தக் கேள்விக்கு எங்கே தேடுவது?’ என்று வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கூச்சப்பட்டால் முதல் தடவை நீங்களும் உடன் போங்கள்.

சித்தி இன்னும் அந்தப் பக்கம் போனதில்லை. அடுத்த பள்ளி விடுமுறையில் தங்கை அழைத்துப்போகப் போகிறாளாம், அந்த 1991 புத்தகத்தைக் காட்டுவதற்கு.